மூடக் கூடாத துளை

சாம்பல் புதனுக்கு மறுநாள் காலை ஞானபூரணி சித்தி நாச்சியாபுரத்திலிருந்து மதுரைக்குப் புறப்பட்டாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பல் பிடுங்கப் போவதாகச் சொல்லியிருந்தாள். வலது கன்னம் புடைத்திருந்தது. சித்தப்பா அருளானந்தம் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற அவளுக்கு முன்னால் நடந்தார். நான் அப்போது ஊரில் இல்லை. பேச முடிந்த காலத்தில் சித்தியே போனில் சொன்னது இது.

பல் அல்ல, கீழ்த்தாடை எலும்புக்குள் நீர்க்கட்டி. எலும்பை உள்ளிருந்தே அரித்து முட்டை ஓடு போலாக்கியிருந்தது.

"ஒரேயடியா சுரண்டி எடுத்தா தாடை ஒடிஞ்சிரும்மா" என்றார் டாக்டரம்மா. "ஈறுல ஒரு துளை போட்டு விடுறேன். நீர் வடிஞ்சா அழுத்தம் குறையும். சுத்தியிருக்கிற எலும்பு தானா உள்பக்கமா வளரும். ஒரு வருசம் ஆகும். அப்புறம் மிச்சத்தை எடுத்துரலாம்."

"பேசலாமா டாக்டர்? நான் வாத்தியாரம்மா."

"தாராளமா பேசுங்க. துளை மட்டும் மூடக் கூடாது."

துளை மூடாமலிருக்க, நீர் வடிய நடுவில் ஓட்டை விட்டு, பிளாஸ்டிக்கில் ஒரு சின்ன அடைப்பான் செய்து கொடுத்தார்கள். தினமும் காலையில் சித்தப்பா அதைக் கழற்றி, ஊசியில்லாத சிரிஞ்சால் உப்புத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, திரும்பப் பொருத்துவார். வயலுக்குப் போக நேரமானாலும் விட்டதில்லை. நான்கு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் கறுப்பு நிழலின் ஓரத்தில் வெள்ளை படர்ந்திருந்தது. புது எலும்பு.

ஆவணியில் மகள் அனிதாவுக்கு நிச்சயதார்த்தம். சித்தப்பாவின் தங்கை கிறிஸ்டி காரைக்குடியிலிருந்து வந்திருந்தாள்.

"மதினி, இந்த மூடியோட பேசுனீகன்னா பஸ் கண்டக்டர் விசில் ஊதுற மாதிரி இருக்கு. மாப்பிள்ளை வீட்டுக்காரக இறங்கிப் போயிரப் போறாக."

சித்தியே சிரித்துவிட்டாள். அடைப்பானைக் கழற்றி டம்ளரில் போட்டாள். நிச்சயம் முடிந்து, விருந்தாட்கள் போய், வீடு ஓய்ந்து பத்து நாளுக்கு மேல் கழித்துப் பொருத்திப் பார்த்தபோது அது உள்ளே போகவில்லை. கண்ணாடியில் பார்த்தாள். துளை இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகச் சதை கூடியிருந்தது.

"பூரணி, ஆறிருச்சு" என்றார் சித்தப்பா.

மூடக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் மூடாத புண்ணைக் கண்டுதான் அவர்களுக்குப் பயம். மூடிய புண்ணைக் கண்டு யாரும் பயந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை நன்றிப் பூசைக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு மதுரைக்குப் போகவில்லை.

ஒன்றேகால் வருடம் சித்தி பாடம் நடத்தினாள். கீழுதடு மரத்துப்போனதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் வகுப்பில் கொட்டாவி விட்டபோது தாடைக்குள் மளுக்கென்றது. வாயை மூட முடியவில்லை. எச்சில் ஒழுக நின்ற டீச்சரைப் பார்த்துப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்களாம்.

நான்கு வருடம் ஊர் ஊராய் அலைந்துவிட்டு நான் திரும்பியது அந்த வாரம்தான். மதுரைக்கு நானும் போனேன். டாக்டரம்மா இரண்டு எக்ஸ்ரேயையும் விளக்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். புதியதில் நிழல் காதுவரை போயிருந்தது.

"மூடுன உடனே ஏன் வரல?"

"ஆறிருச்சுன்னு நெனச்சோம் டாக்டர்" என்றார் சித்தப்பா.

"மேலதான் ஆறியிருக்கு. உள்ள பூட்டி வச்சிட்டீங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வலது பாதித் தாடையை எடுத்துவிட்டு உலோகத் தகடு வைத்தார்கள். தானாக வளர்ந்துகொண்டிருந்த எலும்புக்குப் பதில், பிறகு கெண்டைக்காலிலிருந்து ஒரு எலும்புத் துண்டு எடுத்து வைப்பதாகத் திட்டம். அது சேர்ந்துவிட்டால் பேச்சு ஓரளவு திரும்பும், பள்ளிக்கூடத்துக்குப் போகலாம். சித்தி கேட்டதெல்லாம் அது ஒன்றைத்தான். வார்டில் தன் கைப்பேசியில் தட்டி எனக்குக் காட்டுவாள்: 'ஜூன்ல சேந்துருமா?' நான் கஞ்சியைக் குழாய் வழியாக வாயில் ஊற்றினேன். உதட்டில் வழிந்தது அவளுக்குத் தெரியவில்லை. துடைத்துவிட்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஜூன் போனது. அடுத்த ஜூனும் போனது. காலிலிருந்து எலும்பு எடுத்து வைத்தபோது நான் மறுபடி ஊரைவிட்டுக் கிளம்பியிருந்தேன். நல்ல சேதி என்றால் அனிதா கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. கார்த்திகையில், குவாஹாத்தியில் ஒரு விடுதியில் இருந்தபோது, சித்தியிடமிருந்து வாட்ஸப் வந்தது.

'தாயி, கால் எலும்பு சேரலை. கறுத்துப் போச்சுன்னு எடுத்துட்டாக. திரும்ப வைக்கலாம்னு டாக்டரம்மா சொல்றாக. நான் வேண்டாம்னுட்டேன். பள்ளிக்கூடத்துக்கு விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்தாச்சு. சித்தப்பாகிட்ட போன்ல எதுவும் கேக்காத. ஆறிருச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காக. இருக்கட்டும்.'