புள்ளிக்குப் பின்னால் இருந்த இரண்டு

பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஜூடி அக்கா ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ராஜபாளையத்தில் எங்கள் ரத்தப் பரிசோதனை லேபில் பதினாறு வருடமாக ரிப்போர்ட் டைப் செய்கிறார். சர்க்கரை 110.4 என்று வந்தால் 110 என்று போடுவார். டாக்டர்களே அப்படித்தான் கேட்டார்கள். புள்ளிக்குப் பின்னால் வருவதை இங்கே யாரும் மதித்ததில்லை.

அந்தப் பழக்கமே கழுத்தை அறுத்தது.

கூமாப்பட்டி பாண்டிசெல்வியின் முதல் குழந்தை தசை வலுவிழந்து மூன்று வயதில் இறந்தது. மரபணுவில் எந்த இடத்தில் எழுத்துப் பிழை என்று அப்போதே கண்டுபிடித்திருந்தார்கள். அவள் மறுபடி கருவுற்றபோது, அதே பிழை இதிலும் உண்டா என்று பார்க்கக் கருவின் மாதிரியைச் சென்னைக்கு அனுப்பினோம். பார்க்க வேண்டிய இடத்தின் குறிப்பை அக்காதான் டைப் செய்தார். எழுத்துகளை எண்ணிப் பார்க்க அளவுகோலாக வைத்திருக்கும் மரபணுப் படிக்கு (பிரதிக்கு) ஓர் அடையாள எண் உண்டு; அது 'புள்ளி இரண்டு' என்று முடிந்தது. வழக்கம்போல் அதை விட்டுவிட்டார்.

அது பின்னம் அல்ல, பதிப்பு எண். தெருவில் வீடு கூடினால் கதவு எண் மாறுகிறதே, அதுபோல் படியைத் திருத்தினால் உள்ளே இடங்களின் எண்ணும் நகரும். பழைய எண்ணா, புதிய எண்ணா என்று சொல்லாவிட்டால் தபால்காரர் என்ன செய்வார்? சென்னையில் இரண்டாம் பதிப்புக்குப் பதில் அதற்குப் பின் வந்த புதிய பதிப்பை எடுத்து, ஒன்பது எழுத்து தள்ளி வேறு இடத்தைப் பார்த்து, 'பிழை இல்லை' என்று எழுதிவிட்டார்கள். குறிப்பைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். வெட்கக்கேடு, அப்படியும் எனக்கு ராத்திரி தூக்கம் வருகிறது.

பிறந்த பெண்குழந்தை இரண்டு வயதாகியும் நிற்கவில்லை. பழைய ஃபைலைப் பிரித்த அன்று அக்காவுக்கு விஷயம் புரிந்தது. அதன்பின் பஸ் நம்பரிலும், மாதா கோயிலில் பாட்டு எண் எழுதிய பலகையிலும் அந்த இரண்டைக் கண்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போன மாதம் பாண்டிசெல்வி குழந்தையோடு லேபுக்கு வந்தாள். அக்கா அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதார்.

அவள் மகளை இழுத்து மடியில் உட்காரவைத்தாள். பிறகு கேட்டாள்: "நீங்க சரியா எழுதியிருந்தா நான் கலைச்சிருப்பேன், இல்லையாக்கா?"

அக்கா தலையாட்டினார்.

பாண்டிசெல்வி மகளின் காதுகளைப் பொத்தினாள். "அப்ப இத இனிமே ஒருத்தர்ட்டயும் சொல்லிராதிய. வெவரம் தெரிஞ்ச பொறவு இவ காதுல விழுந்திரக் கூடாது."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவர் வாக்குக் கொடுத்துவிட்டார். செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளிட்டாலும், இதை மட்டும் விழுங்கிவிட்டு எழுந்து வருகிறாராம்.