நிரப்பினேன்

உள்ளறையிலிருந்து 'சர்ர்க்' என்று ஒரு சத்தம் வந்தது.

முன்னறையில் பவுடர் சலித்துக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது. மறுபடியும் 'சர்ர்க்'. சுருளிலிருந்து லேபிளை உரிக்கிற சத்தம். பதினான்கு வருஷமாகக் கேட்டுப் பழகியதுதான். ஆனால் அதற்கு முன்னால் வரவேண்டிய சத்தம் வரவில்லை.

அது தீயணைப்பு சிலிண்டர்களுக்குப் பவுடர் நிரப்பும் கடை. சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, ரப்பர் சுத்தியலால் அடியில் 'தொம், தொம்' என்று தட்டி, உறைந்துபோன பவுடரை உதிர்க்க வேண்டும். பிறகு காற்றை இறக்கி, தலையைத் திருகித் திறந்து, பழையதைக் கொட்டிப் புதியதை நிரப்பி, எடை பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் லேபிள். தொம் இல்லாமல் சர்ர்க் வந்தால், அடுப்பே மூட்டாமல் பந்தி வைத்த கதை.

அடுத்தடுத்து வந்த சர்ர்க்குகளை மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணினாள். பதினேழு வந்ததும் எழுந்துவிட்டாள்.

உள்ளே அவள் புருஷன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். சுவரோரம் நாற்பது சிவப்பு சிலிண்டர்கள், வரிசையாக நிறுத்தி வைத்த பிள்ளைகளைப் போல. பாதிக்குக் கிட்ட புது லேபிளோடு பளபளத்தன.

"என்னங்க இது?"

அவன் திரும்பவில்லை. "நாலு மணிக்கு எதிர் கம்பெனி மேனேஜர் வண்டியோட வர்றார். நாளைக்குக் காலையில அவங்க கட்டடத்துல ஆய்வாம்."

"பவுடர் லாரிதான் இன்னும் வரலையே. இருக்கிறது பன்னெண்டு சிலிண்டருக்குத்தான் காணும்."

"அதனாலதான் லேபிளை மட்டும் ஒட்டுறேன். காத்தழுத்தம் காட்டுற முள்ளு எல்லாத்துலயும் பச்சையில நிக்குது பாரு. அவருக்கும் லேபிள் இருந்தாப் போதுமாம். அவரே சொல்லிட்டார்." கடைசியாக ஒரு வார்த்தையை விழுங்கி விழுங்கிச் சொன்னான். "இந்த ஒரு தடவைதாம்மா. இதை விட்டா கடையை மூட வேண்டியதுதான்."

அவன் கெட்டவன் இல்லை. அந்தத் தெருவில் ஆறு மாதத்தில் ஒன்பது கடைகள் மூடிவிட்டன. ஷட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்குவதைத் தினமும் பார்க்கிறவன். பயம் வந்துவிட்டால் நல்ல மனுஷனுக்குக்கூடக் கண் மங்கிப்போகும். இந்த நிலைமையிலும் அவள், வருகிற வாடிக்கையாளரிடம், "இது இன்னும் ஒரு வருஷம் தாங்கும் அண்ணே, இப்ப வேண்டாம்" என்று சொல்லி அனுப்புகிறவள். "வந்த வேலையைத் திருப்பி அனுப்புற கடை உலகத்துலயே நம்ம கடை ஒண்ணுதான்" என்று அவன் சிரிப்பான். இப்போது சில நாட்களாகச் சிரிப்பதில்லை.

அவள் ஒரு சிலிண்டரைத் தூக்கிக் கவிழ்த்துக் காதோடு வைத்துக் குலுக்கினாள். பவுடர் நல்லதாக இருந்தால் மணல் சரிகிற மாதிரி ஓடும். இது ஓடவில்லை. உள்ளே கல்லாகக் கிடந்தது.

முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஓடிய அவளுடைய பழைய தழும்பு சுருக்கென்றது.

ஒரு காலத்தில் அவளும் ஒரு கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவள்தான். ஒருநாள் மத்தியானம் துணிக்கட்டில் தீப்பிடித்தது. முதலில் கையளவுதான் இருந்தது. சூப்பர்வைசர் ஓடிப்போய் சுவரில் தொங்கிய சிலிண்டரை எடுத்துப் பிடியை அழுத்தினார். 'புஸ்' என்று வெறும் காற்று வந்தது. அவ்வளவுதான். அதன் முள்ளும் பச்சையில்தான் நின்றிருந்தது; லேபிளும் புதுசுதான். பக்கத்து மெஷின்காரி, சாப்பாட்டு டப்பாவில் தினமும் இவளுக்குப் பாதி எடுத்து வைக்கிற அந்தப் பெண், வெளியே வரவேயில்லை. அந்தப் 'புஸ்' இன்றைக்கும் இவள் காதைவிட்டுப் போகவில்லை.

கை ஆறியதும் தேடிப்போய்க் கற்றுக்கொண்ட தொழில் இது. லேபிள் அச்சடிக்கப் போனபோது அச்சகக்காரர், "எல்லாரும் 'நிரப்பப்பட்டது'ன்னுதாம்மா போடுவாங்க" என்றார்.

"யாரு நிரப்பினதுன்னு கேட்டா அந்த வார்த்தைக்குப் பதில் தெரியாதே அண்ணே. 'நிரப்பினேன்'னு போடுங்க. கீழே நான் கையெழுத்து வைக்க இடம் விடுங்க."

அச்சகக்காரர் சிரித்தார். ஆனால் அப்படியே போட்டுக்கொடுத்தார். நாள் முழுக்கத் தொம் தொம் என்று தட்டுவதால் தெருவில் அவளுக்குத் 'தட்டக்கா' என்று பேர் விழுந்தது.

மேனேஜருடைய கட்டடத்திலும் தையல்தான் நடக்கிறது. மூன்று மாடி, முந்நூறு பெண்கள். காலையில் கடையைத் தாண்டும்போது, "என்ன தட்டக்கா, யார் தலையில தட்டுறீங்க?" என்று கேலி செய்துகொண்டே போவார்கள். அதிலே ஒருத்தி ஏழு மாத வயிற்றோடு மூன்றாவது மாடி ஏறுகிறாள். "பின்வாசலைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டாத்தான் மேனேஜருக்குத் தூக்கம் வருமாம்" என்று அவள் ஒருநாள் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் புருஷனை ஏறிட்டாள். "இந்த லேபிள்ல யாருங்க கையெழுத்துப் போடுறது?"

"நீதான்..." என்றவன் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

அவள் சிலிண்டரைக் கவிழ்த்தபடியே பிடியை அழுத்தினாள். 'புஸ்ஸ்ஸ்.' முள் பச்சையிலிருந்து சரிந்து சிவப்பில் விழுந்தது. அடுத்தது. அதற்கு அடுத்தது. அந்த அறை முழுக்கப் பாம்புகள் சீறுகிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு சீறலிலும் அந்தப் பழைய 'புஸ்' அவளுக்குக் கேட்டது. ஆனால் கை நிற்கவில்லை. பத்தாவது சிலிண்டரில் அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தான் ஒட்டிய லேபிள்களை நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தான். பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டான். தொம், தொம் என்ற சத்தம் அந்த அறைக்குத் திரும்பி வந்தது.

மேனேஜர் நாலு மணிக்கு டாணென்று வந்தார். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கியது. முன்னறையில் பன்னிரண்டு சிலிண்டர்கள் தயாராக நின்றன. உள்ளறையில் மீதி இருபத்தெட்டும் தலை கழற்றி, வாய் பிளந்து கிடந்தன.

"என்னம்மா இது? லேபிள்தானே கேட்டேன்?"

"சர்வீஸுக்குத்தானே சார் அனுப்பினீங்க? சர்வீஸ்ல முதல் வேலையே காலி பண்றதுதான். உள்ள இருந்ததெல்லாம் கல்லு சார். இந்தாங்க, பாருங்க."

அவள் உள்ளங்கையில் நீட்டிய மஞ்சள் கட்டியை அவர் பார்க்கவில்லை. அவளுடைய புருஷனைப் பார்த்தார். "நீங்க சரின்னு சொன்னீங்களே?"

அவன் மனைவியின் பக்கத்தில் வந்து நின்றான். "சொன்னேன் சார். தப்பாச் சொல்லிட்டேன்."

"பன்னெண்டையும் ஒரு மாடிக்கு நாலுன்னு படிக்கட்டுப் பக்கம் மாட்டுங்க சார்" என்றாள் அவள். "லாரி வந்ததும் மீதியை நானே கொண்டுவந்து மாட்டித் தர்றேன். ஆய்வுக்கு வர்றவங்க கேட்டா, மீதி எங்கிட்ட இருக்குன்னு சொல்லுங்க. நானே வந்தும் சொல்றேன்."

"நீங்க வந்து சொல்வீங்களா?" மேனேஜர் சிரித்தார், கண் சிரிக்கவில்லை. "உங்களுக்கு இனிமே இந்தத் தெருவுல யாரு வேலை கொடுக்கிறாங்கன்னு பாக்கிறேம்மா. கடை எத்தனை நாளைக்கு இருக்குன்னும் பாக்கிறேன்."

அவள் புருஷன் பன்னிரண்டையும் வண்டியில் ஏற்றினான். கடைசி சிலிண்டரை மேனேஜர் நிறுத்தி லேபிளைப் படித்தார். "'நிரப்பினேன்'. ம்... நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா முதல்ல உங்களைத்தாம்மா கேப்பாங்க."

"கேக்கட்டும்னுதான் சார் அப்படிப் போட்டிருக்கு."

அவர் வாசலுக்குத் திரும்பினார். எங்கிருந்தோ ஒயர் கருகுகிற வாசனை லேசாக வந்தது. வண்டியிலிருந்தோ, எதிரே இருந்த அந்த மூன்று மாடிக் கட்டடத்திலிருந்தோ தெரியவில்லை. மேலே மெஷின்கள் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தன.

"சார்" என்று அவள் கூப்பிட்டாள். "நீங்க எங்களுக்கு வேலையே தர வேண்டாம். அந்தப் பின்வாசல் பூட்டை மட்டும் எடுத்துடுங்க சார். உள்ள வயித்துப் பிள்ளைக்காரி இருக்கா."

அவர் கை அவரையறியாமலே சாவிக்கொத்தின் மேல் போய் ஒரு நொடி நின்றது. பிறகு படியிறங்கிப் போனார். போகிற போக்கில் அவர் இழுத்துவிட்ட கடைக்கதவு படாரென்று சாத்திக்கொண்டது.