எண்ணெய்க் கிணற்றுக்காரர்

காரில் நான் இருந்தேன், டிரைவர். பின் சீட்டில் சார் இருந்தார். தினமும் பொம்மனஹள்ளியில் ஏற்றி வைட்ஃபீல்ட் ஆபீசில் விடுவேன். அவர் போன் ஸ்பீக்கரில் இன்னொருவர், காரைக்கால் பக்கம் ஒரு பழைய எண்ணெய்க் கிணற்றைப் பார்த்துக்கொள்கிறவர்.

சார் ஒல்லி, நரைத்த மீசை. எதையும் விரலால் தட்டிப் பார்ப்பார். தண்ணீர் பாட்டில், கதவு, என் சீட்டு. என் ரூட் மாறி நாளாகிவிட்டது. இன்னும் நெரிசலில் நின்றால் அவர் ஞாபகம் வரும்.

கைவிட்ட கிணறுகளை மறுபடி ஓட வைப்பது அவர் வேலை. இந்தக் கிணறு நாளைக்கு இருபத்தைந்து பீப்பாய் தந்தால்தான் செலவு போக மிஞ்சும். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை சிமெண்ட் ஊற்றி மூடிவிடுவார்கள்.

"ராப்பகலா பம்பு ஓடுது சார். பதினெட்டுதான் வருது," என்றார் போன்காரர்.

"நிறுத்துப்பா."

நான் பிரேக் போட்டேன்.

"நீங்க ஓட்டுங்க, அவன் நிறுத்தட்டும்," என்று சிரித்தார் சார். பிறகு போனில், "கிழட்டுக் கிணறுப்பா. எண்ணெய் ஊறி வர்றதுக்குள்ள பம்பு வெறும் வாயுவைத்தான் இழுக்குது. அரை நாள் ஊற விடு, அரை நாள் இறை."

"ஓட்டுறப்பவே வரல. நிறுத்தினா எப்படி சார் வரும்?"

"செஞ்சு பாத்துட்டுச் சொல்லு."

எனக்கும் அதே சந்தேகம்தான். வண்டியை மறுபடி எடுத்தேன்.

வியாழக்கிழமை மாரத்தஹள்ளி நெரிசலில் போன் வந்தது. சார் காதில் வைத்துக் கேட்டார், அணைத்தார். ஆபீஸ் வரை என் சீட்டைத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல சேதியா கெட்டதா, முகத்தில் தெரியவில்லை.

இறங்கும்போது கேட்டேன். "எவ்வளவு சார்?"

"முப்பத்தொன்னு."