நகராத தேதி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மே மாதக் கடைசியில் கூடலூரில் நடந்தது இது. நடந்தது கூடலூரில்தான் என்றாலும், அந்த நேரத்தில் நான் உத்தமபாளையத்தில் என் வீட்டு அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன்.

நான் சிவில் டிப்ளமோ படித்தவள். தேனியில் ஒரு சின்ன காண்ட்ராக்டரிடம் வேலை. கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு அவ்வளவாகப் போக மாட்டேன். எந்த வேலை எந்தத் தேதியில் தொடங்கும், எத்தனை நாள் எடுக்கும், அதற்கு அடுத்தது எது என்பதையெல்லாம் ஒரு சாஃப்ட்வேரில் போட்டு அட்டவணை தயாரிப்பதுதான் என் பொறுப்பு. ஆட்களின் வருகைப் பதிவும் என்னிடம் என்பதால், லீவு வேண்டுமென்றால் எனக்குத்தான் போன் செய்வார்கள்.

கூடலூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாட்டு ஹால் கட்டிக்கொண்டிருந்தோம். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் முடித்துத் தரச் சொல்லியிருந்தார்கள். மேல்தளத்துக்கு கான்கிரீட் போட இரண்டு நாள் என்று திட்டம். முதல் நாள் கிழக்குப் பாதி, மறுநாள் மேற்குப் பாதி. நீளமான பீம்கள் உள்ள ஹால் என்பதால், இருபத்தொரு நாள் கழித்துத்தான் அடியில் தாங்கி நிற்கும் முட்டுகளைப் பிரிக்க வேண்டும்.

முதல் நாள் வேலை நன்றாக முடிந்தது. மறுநாள் காலையில் கலவை மிஷின் மக்கர் செய்துவிட்டது. மதுரையிலிருந்து உதிரிபாகம் வர இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் வீரபாண்டித் திருவிழா தொடங்கிவிட, ஒரு ஆள்கூட வேலைக்கு வரவில்லை. இப்படியே ஒன்பது நாள் போய்விட்டது. அதன் பிறகுதான் மேற்குப் பாதி போட்டார்கள்.

இந்த இடைவெளியை நான் அட்டவணையில் ஒழுங்காகத்தான் பதிந்தேன். ஒரு வேலை நடுவில் நின்றுவிட்டால் அட்டவணையில் அதைக் குறிக்கும் கோட்டை இரண்டு துண்டாக வெட்டி, நடுவில் காலி விட்டுக் காட்டலாம். அப்படியே செய்துவிட்டு, ஹால் முடியும் கடைசித் தேதியைப் பார்த்தேன். அது ஒரு நாள்கூட நகரவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். காண்ட்ராக்டருக்கு அனுப்பினேன். "பரவாயில்லையேம்மா, ஒம்பது நாள் போயும் சமாளிச்சுட்ட" என்று பாராட்டினார்.

ஏன் நகரவில்லை என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

அந்த மே மாதக் காலையில், ஏழரை மணி இருக்கும், போன் வந்தது. தளத்துக்குத் தண்ணீர் ஊற்றும் பெண். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். தளத்தின் மேல் பாத்தி கட்டி, காலையும் மாலையும் ஓஸ் பிடித்துத் தண்ணீர் நிரப்புவாள்.

"அக்கா, நாளைக்கு நான் வேலைக்கு வரணுமா? மேக்குப் பாதிக்கு இன்னும் ரெண்டு நாள் ஊத்தணும்னு மேஸ்திரி சொல்லிட்டுப் போனாக. ஆனா இன்னைக்கு முட்டுப் பிரிக்க ஆள் வந்துட்டாக. வேலையில்லைன்னா திராட்சை பறிக்கக் கூப்பிடுறாக, போயிருவேன்."

அடுப்பில் தோசை. பின்னால் பிள்ளைகள் இரண்டும் சண்டை. "முட்டுப் பிரிச்சாச்சுன்னா அப்புறம் என்னம்மா, நீ தோட்டத்துக்குப் போ" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தோசையைத் திருப்பிப் போடும்போதுதான் உறைத்தது. தண்ணீர் ஊற்றுவது கான்கிரீட் போட்ட நாளிலிருந்து பதினான்கு நாள். மேற்குப் பாதிக்கு அந்தப் பதினான்கே இன்னும் முடியவில்லை. பிறகு எப்படி இருபத்தொரு நாள் முடிந்திருக்கும்?

முட்டுப் பிரிக்கும் தேதியை நான் கான்கிரீட் தொடங்கிய நாளிலிருந்து எண்ணும்படி போட்டிருந்தேன். முடிந்த நாளிலிருந்து எண்ணச் சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் நடுவில் ஒன்பது நாள் நின்றும் அந்தத் தேதியும் அதைத் தொடர்ந்து வரும் கடைசித் தேதியும் அசையாமல் இருந்தன. பன்னிரண்டு நாள் ஆன தளத்தை முட்டில்லாமல் நிற்கவைக்க நானே நாள் குறித்துக் கொடுத்திருக்கிறேன்.

சூப்பர்வைசர் அன்று லீவு. அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. காண்ட்ராக்டர் லைன் பிஸி. முட்டுப் பிரிக்க வந்தவர்கள் போடியிலிருந்து வந்த புது ஆட்கள். எங்கள் அட்டவணையில் இருந்த தேதியை மட்டும் பார்த்து வந்தவர்கள். அவர்கள் நம்பர் என்னிடம் இல்லை. அந்தப் பெண்ணையே திரும்பக் கூப்பிட்டேன். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தாள். பின்னால் தண்ணீர் விழும் சத்தம்.

"எங்கம்மா நிக்கிற?"

"மேலதான்க்கா. மேக்குப் பாதிக்கு ஊத்திக்கிட்டிருக்கேன். இன்னைக்கு வேலைய முடிச்சிருவோம்னு."

"ஓஸை அப்படியே போட்டுட்டுக் கீழ இறங்கு. போனை வைக்காத, பேசிக்கிட்டே இறங்கு" என்றேன்.

"ஏங்க்கா, தண்ணி ஓடிக்கிட்டிருக்கு..."

"ஓடட்டும். நீ இறங்கு."

சாரத்து ஏணியில் அவள் இறங்குவது கேட்டது. உள்ளே வேலை செய்பவர்களை வெளியே கூப்பிடச் சொன்னேன். வாசலில் நின்றுகொண்டு சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். "அண்ணே, எல்லாரும் வெளிய வரணுமாம். தேனி ஆபீஸ்ல சொல்றாக. போட்டது போட்டபடி வாங்க."

போனை வாங்கிய ஆள் எரிச்சலாகத்தான் பேசினார். "இப்பத்தான் மேடம் ஆரம்பிச்சோம். என்ன விஷயம்?"

"எத்தனை பிரிச்சீங்கண்ணே?"

"நாலு. வண்டி நிக்கிற பக்கம்னு மேக்க இருந்து தொடங்குனோம். பீமுக்கு அடியில இன்னும் கை வைக்கல."

மேற்குப் பாதி போட்டு எத்தனை நாள் ஆகிறது என்று சொன்னேன். "அங்கன யாரும் போகாதீகப்பா" என்று அவர் உடனே தன் ஆட்களிடம் சொல்வது கேட்டது. அதற்குள் காண்ட்ராக்டரே என்னைத் திரும்பக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னதும், தேனியிலிருந்து ஒரு இன்ஜினியரை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நானும் பஸ் ஏறினேன். கம்பத்தில் சிக்னலில் நின்ற நேரமெல்லாம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை. அது நல்லதா கெட்டதா என்றும் தெரியவில்லை.

போய்ச் சேர்ந்தபோது இன்ஜினியர் தளத்துக்கு அடியில் டார்ச் அடித்து அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கருவியை வைத்து அழுத்தி அழுத்திச் சோதித்தார். பிரித்த நாலு முட்டுகளையும் மெதுவாக, தட்டாமல் திரும்ப நிறுத்தச் சொன்னார். கடைசியில் வெளியே வந்து, "விரிசல் எதுவும் இல்ல. பீமைத் தொடாததால தப்பிச்சது. இன்னும் ஒம்பது நாள் விட்டுப் பிரிங்க" என்றார்.

அங்கே கிடந்த மணல் குவியலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. அந்தப் பெண் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

காண்ட்ராக்டரிடம், "என் தப்புதான் சார்" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ, "தேதி நகரலைன்னு நானும் சேந்துதானம்மா சந்தோஷப்பட்டேன்" என்றார். பள்ளிக்கூடத்துக்காரர்களிடமும் அவரே போய் உண்மையைச் சொன்னார். அவர்கள் முகம் சுளித்தார்கள். ஆனாலும் அவகாசம் கொடுத்தார்கள்.

அந்தப் பெண்ணுக்கு நன்றி சொன்னபோது அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் வேலை உண்டா இல்லையான்னுதானக்கா கேட்டேன்" என்றாள்.

உண்மைதான். அவள் கேட்டது அவ்வளவுதான். அதற்கும் நான் சரியாகக் காது கொடுக்காமல் வைத்துவிட்டேன் என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. இப்போதெல்லாம் வேலை நடக்கும் இடத்திலிருந்து யார் எவ்வளவு சின்னக் கேள்வி கேட்டாலும், அடுப்பை அணைத்துவிட்டு, அவர்கள் அதை ஏன் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகே பதில் சொல்கிறேன்.