இனிஷியல் தா!

“அப்பா இனிஷியல் இல்லாம சிஸ்டம் எடுக்காது மேடம்.”

போன வியாழக்கிழமை மதியம், என் மகள் கயல்விழியின் பள்ளி அலுவலகத்தில் கிளார்க் சொன்னது இது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். அன்றுதான் கடைசி நாள். இங்கே ஏறுகிற பெயர்தான் மார்க் ஷீட்டில் வரும். பிறகு ஆயுசுக்கும் அதுதான்.

கயலின் அப்பா, அவள் தவழ்ந்துகொண்டிருந்தபோது வீட்டை விட்டுப் போனவர். எங்கே இருக்கிறார் என்று தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்தே அவள் தா. கயல்விழி. ‘தா’ என்றால் தாயம்மாள். அதாவது இந்தப் பத்தியை வாரா வாரம் எழுதுகிற நான்தான். சட்டமும் இதை அனுமதிக்கிறது. அப்புறம் இந்தச் சிஸ்டத்துக்கு மட்டும் என்ன வந்தது?

எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் சிரிப்பு. ஏனென்றால் அன்று காலைதான், சின்னாளபட்டிப் பக்கம் நான் வேலை பார்க்கும் கல்லூரியில், ஜாவா புரோகிராமிங் வகுப்பில் இதே பாடத்தை நடத்திவிட்டு வந்திருந்தேன்.

பயந்துவிடாதீர்கள், சுலபம்தான். ‘மனிதர்’ என்று ஒரு கிளாஸ், அதாவது புரோகிராமில் ஓர் அச்சு, இருக்கிறது. அதுதான் அடிப்படை, பேஸ் கிளாஸ். அதிலிருந்து ‘மாணவர்’ என்று இன்னொரு கிளாஸ் எழுதுகிறோம். மாணவர் உருவாக வேண்டுமென்றால் முதலில் அதற்குள் மனிதர் உருவாக வேண்டும். உருவாக்கும் வேலையைச் செய்கிற கன்ஸ்ட்ரக்டரோ, பெயரும் இனிஷியலும் கைக்கு வராமல் அசையாது. ‘சூப்பர்’ என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் அந்த இரண்டையும் மாணவர் கிளாஸ்தான் மேலே அனுப்ப வேண்டும். சும்மா இருந்தால்... எரர்!

வேடசந்தூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். “அப்பா கிளாஸ் கேக்குறதப் பிள்ளை கிளாஸ் குடுத்தே ஆகணுமா மிஸ்?”

இங்கே எல்லோரும் பேஸ் கிளாஸை அப்பா கிளாஸ் என்றுதான் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் வெறும் பேரன்ட்தான். நடுவில் அப்பா எப்போது நுழைந்தார்?

“குடுத்துத்தான் ஆகணும். ஆனா எதைக் குடுக்கிறதுன்னு பிள்ளைதான் முடிவு பண்ணும்” என்றேன்.

இப்போது பள்ளி அலுவலகத்துக்கு வருவோம். எடுக்காது என்றால் என்ன எரர் வருகிறது என்று கிளார்க்கிடம் கேட்டேன். அம்மா எழுத்தைப் போட்டே பார்த்ததில்லையாம்! எடுக்காது என்று அவரிடம் யாரோ சொன்னார்களாம், அவர்களிடம் வேறு யாரோ. பெட்டியில் எழுத்து இருக்கிறதா என்று மட்டும்தான் கம்ப்யூட்டர் பார்க்கிறது. அது யாருடைய எழுத்து என்ற விசாரணையெல்லாம் மனிதர்கள் நடத்துவது.

நல்ல மனிதர்தான், குரலைத் தாழ்த்திச் சொன்னார். “எடுத்தாலும்... நாளைக்கு நாலு பேரு கேப்பாகளே மேடம். பொம்பளப் பிள்ளை. எதுக்கு வம்பு? அப்பா எழுத்தையே போட்டுருவோம்.”

அந்த நாலு பேரில் ஒருவராவது கயலுக்குக் காய்ச்சல் வந்தபோது எட்டிப் பார்த்தாரா? ஸ்கூல் பீஸ் கட்டினாரா? மாட்டேன் என்றேன். மார்க் ஷீட்டில் என் மகளின் பெயர் தப்பாக வர விடமாட்டேன், வேண்டுமானால் சாயங்காலம் வரை இங்கேயே உட்கார்ந்திருப்பேன் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. உயரட்டுமே!

என் பக்கத்தில் நின்றிருந்த கயல், கீபோர்டைத் தன் பக்கம் திருப்பினாள். “நான் போடுறேன் சார்.”

ஒரே எழுத்துதான். தட்டினாள், சேமித்தாள். சிஸ்டம் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டது. கிளார்க் திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், அடுத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார்.

இத்தனை வருடம் வகுப்பில் நடத்தியும் எனக்குத் தோன்றாத உதாரணம் இது. பேஸ் கிளாஸ் அதிகாரமாக, ‘இனிஷியல் தா’ என்றது.

என் மகள் ‘தா’ என்றே தந்துவிட்டாள்.