அறுபத்து மூன்று சாம்பிள்கள்

உத்தமபாளையம் அம்சத் பீவிக்கு நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருடமாக ரத்தம் எடுப்பதுதான் பிழைப்பு. கம்பத்தில் அவர் வேலை பார்த்த தனியார் லேபை மூடிவிட்டார்கள். அதன்பிறகு வெளியூர் ஆய்வு நிறுவனம் ஒன்று புதுக் கருவிக்காக நடத்திய ஆறு மாதச் சோதனையில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தார். காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து, சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் யாருக்குக் காய்ச்சலோ அவர்கள் வீட்டைத் தேடிப் போக வேண்டும். எடுத்த ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்துக் கம்பத்து வாடகை அறைக்குக் கொண்டுவந்து, சீரம் பிரித்து, ஒரு கருவியில் விட வேண்டும். அறை மாடியில் இருந்தது. முழங்கால் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டுதான் படியேறுவார்.

கருவி டிபன் பாக்ஸ் அளவுதான். அதற்குள் போடும் சிப் விரல் நகம் அளவு. அதில் கண்ணுக்குத் தெரியாத வளையங்கள் இருந்தன. லேசர் ஒளி அந்த வளையத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். வளையத்தின் மேல் டெங்குக் கிருமியின் புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் பூச்சு. புரதம் வந்து ஒட்டினால் உள்ளே சுற்றும் ஒளியின் நிறம் இம்மியளவு நகரும். அந்த நகர்வைத் திரை காட்டும். இதையெல்லாம் சொல்லிக்கொடுத்த பொறியாளர் இனியன் கண்டிப்பாக ஒன்று சொல்லியிருந்தார். கருவியே இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, அதன் முடிவை யாரிடமும் சொல்லக்கூடாது. சாம்பிளில் பாதி தேனி லேபுக்குப் போகும். அந்த ரிப்போர்ட்தான் நோயாளிக்கு. அது வர மூன்று நாளாகும்.

அக்டோபரில் பூமாரி என்ற பெண்ணிடம் ரத்தம் எடுத்தார். அன்றைக்கு ஒன்பது வீடு. சாயங்காலம் பூமாரி போன் செய்து, நாளைக்கு வேலைக்குப் போகலாமா என்று கேட்டாள். திரையில் நகர்வே இல்லை. அம்சத் பீவிக்கு நிற்க முடியாத அசதி. விதியை எடுத்துச் சொல்லத் தெம்பில்லை.

"டெங்கு இல்லத்தா. நெகட்டிவ்தான்," என்று சொல்லிவிட்டார்.

மூன்றாம் நாள் தேனி ரிப்போர்ட் பாசிட்டிவ் என்று வந்தது. பதறிப்போய்க் கூப்பிட்டபோது பூமாரியின் கணவன் ஈஸ்வரபாண்டி எடுத்தான். திராட்சைப் பந்தலுக்கடியில் மயங்கி விழுந்துவிட்டாள், பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், தட்டணு இறங்கிக்கொண்டே போகிறதாம் என்றான்.

"நீங்க இல்லைன்னு சொன்னீகன்னுதானக்கா போனா."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாள் அவர் வீடுகளுக்குப் போகவில்லை. பூமாரியின் மிச்சச் சீரத்தை எடுத்து, வழக்கம்போல ஜில்லென்றே புதுச் சிப்பில் விட்டார். நகர்வு இல்லை. அதே சீரத்தை அரை மணி நேரம் மேசைமேல் வைத்திருந்து வேறொரு சிப்பில் விட்டார். திரையில் கோடு தெளிவாக நகர்ந்தது. நான்கு முறை மாற்றி மாற்றிப் பார்த்தார். நான்கு முறையும் அப்படித்தான்.

இனியனைக் கூப்பிட்டுப் பார்த்ததைச் சொன்னார். சூடு குளிருக்கெல்லாம் கருவியிலேயே திருத்தம் வைத்திருக்கிறோம், கை தவறியிருக்கும் என்றார் அவர்.

"கை தவறலை தம்பி. நாலு தடவ போட்டுப் பாத்துட்டேன். நான் அந்தப் புள்ளைகிட்ட ரிசல்ட்டச் சொன்னதும் தப்பு. ரெண்டையும் எழுதிக்கங்க."

இனியன் இரண்டு நாளில் வந்து பார்த்தார். குளிர்ந்த சீரம் ஒளியை எதிர்ப்பக்கம் தள்ளும். ஒட்டிய புரதத்தின் நகர்வு அதில் மறைந்துபோகும். அந்தக் குளிர்ச்சியைக் கழிப்பதற்கென்றே பூச்சில்லாத துணை வளையம் ஒன்று உண்டு. இங்கே ஒரே தொகுதியாக வந்த சிப்புகள் எல்லாவற்றிலும் அது பழுது. அதுவரை பார்த்த அறுபத்து மூன்று சாம்பிள்களும் செல்லாது என்று முடிவானது.

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தார். அந்த வீடுகளுக்கு வழி தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதாலோ என்னவோ, எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். நாற்பது பேரின் சீரம் மிச்சமிருந்தது. அதை அரை மணி நேரம் வெளியே வைத்து மறுபடி கருவியில் விட்டார். மிச்சமில்லாத இருபத்து மூன்று பேரின் வீட்டுக்கும் திரும்ப நடந்து, அவர்கள் முடிவைச் சோதனைக் கணக்கிலிருந்து நீக்குவதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். பலருக்கு அவர் என்ன சொல்கிறார் என்றே புரியவில்லை. காய்ச்சல்தான் போய்விட்டதே என்றார்கள்.

பூமாரி எட்டு நாளில் வீடு திரும்பினாள். அம்சத் பீவி போய்ப் பார்த்தபோது மெலிந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நடந்ததை அவர் ஒன்று விடாமல் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகப் பேசினாள்.

"நீங்க சொல்லாட்டியும் போயிருப்பேன்க்கா. குலை வெட்டுற வாரம். போகாட்டி அடுத்த தடவ கூப்புட மாட்டாக."

அது ஆறுதலா என்று அம்சத் பீவிக்கு விளங்கவில்லை. காப்பி கொடுத்தாள், குடித்துவிட்டு எழுந்தார்.

ஜனவரியில் சோதனை முடிந்து கருவியை எடுத்துக்கொண்டு போனார்கள். சாம்பிளை அரை மணி நேரம் வெளியே வைக்க வேண்டும் என்று செய்முறைத் தாளில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருப்பதாக இனியன் போனில் சொன்னார். அம்சத் பீவி இப்போது கம்பத்தில் வேறொரு லேபில் இருக்கிறார். வருகிறவர்கள், என்னக்கா தெரியுது என்று கேட்டால், ரிப்போர்ட் பேப்பர் வரட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஊசியைப் பிரிக்கிறார்.