நான்கு தவளைகளும் ஒரு ஓட்டைக் குடமும்

விலங்கியல் லேப் அட்டெண்டர் வேலையில் செத்தது எத்தனை வந்தாலும் தொல்லையில்லை; உயிரோடு ஒன்று வந்தால் நம் பிராணன் போச்சு. இந்த உத்தியோகம் பார்த்தவர்கள் இதைப் படித்தால் தலையை ஆட்டுவீர்கள்.

சித்திரையில் அருவி

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து அப்போது ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். எங்கள் கல்லூரிப் புரொபசர் மேற்கு மலையிலிருந்து தகர டப்பாவில் நான்கு தவளைகள் கொண்டுவந்தார். கட்டைவிரல் அளவு, கல் நிறம். பாய்ந்து ஓடும் மலையோடையில், நனைந்த பாறையில் ஒட்டிக்கொண்டு பிழைக்கிற வகையாம். வேறெங்கும் அவர் பார்த்ததில்லை. அந்த ஓடையிலும் அணை வரப்போகிறதாம். கொன்று பதப்படுத்தப் பார்மலினில் போட்டால் நிறம் போய்விடும். மதராஸிலிருந்து நிபுணர் வந்து ஆணையும் பெண்ணையும் உயிரோடு பார்த்தால்தான் புது இனம் என்று எழுதுவாராம். பத்து நாள் காப்பாற்ற வேண்டும்.

சித்திரை வெயிலில் ஓடுகிற தண்ணீருக்கு எங்கே போவது, நீங்களே சொல்லுங்கள். குடத்தின் அடியில் ஓட்டை போட்டு ஸ்டூல்மேல் வைத்தேன். தண்ணீர் கருங்கல்லில் வழிந்து தொட்டியில் விழும். அதை அள்ளி மறுபடி குடத்தில் ஊற்ற வேண்டும். வாட்ச்மேனும் நானும் முறை வைத்து ஊற்றினோம். தோள்பட்டை கழன்றுவிட்டது. புரொபசர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "சாப்பிடப் போறப்ப ஆளை உக்கார வச்சிட்டுப் போய்யா. குடம் காஞ்சா எல்லாம் போச்சு."

ஊருணி வரிசை

கல்லூரிக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. இரண்டாம் நாளே ஒன்று மல்லாந்துவிட்டது. அப்புறம் ஊருணியில் பெண்களுக்குப் பின்னால் நின்றேன். கலங்கல் தண்ணீர், அதற்கே அடிதடி. தவளைக்கு என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். முன்னால் நின்ற அம்மா இடுப்பில் கையை வைத்தார்: "இங்க பிள்ளை குடிக்கத் தண்ணி இல்லை, ஒங்க தவளைக்குக் குளியல் கேக்குதாக்கும்!"

பெண் கேட்டு வந்தார்கள்

ஒன்பதாம் நாள் காலை. நிபுணரை அழைத்துவரப் புரொபசர் திருச்சிக்குப் போயிருந்தார். குளத்தூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் ஊர்க்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். மழை வேண்டித் தவளைக்குக் கல்யாணம் பண்ண வேண்டும். வெடித்துக் கிடந்த கண்மாயில் ஒரு தவளை அகப்படவில்லை. எனக்கும் அங்கேதான் நிலம், கருகிப்போய்க் கிடந்தது. இருந்தாலும் முடியாது என்றேன். இருப்பது மூன்று, மழை பெய்கிற மலையிலிருந்து வந்தவை, அதில் பெரியது ஒன்றுதான் பெண் என்றும் சொன்னேன். வந்தவர்களில் வள்ளியம்மை அக்கா விடவில்லை: "மழை பேயிற ஊருப் பொண்ணுங்கிற. அதைவிட நல்ல சம்பந்தம் எங்களுக்கு எங்க தம்பி கிடைக்கும்?"

கல்யாணச் சாப்பாடு

கொடுத்தேன், ஐயா. மத்தியானத்துக்குள் திருப்பித் தரச் சொல்லி, செம்பில் ஈரத்துணி போட்டு ஒரு ஆணையும் அந்தப் பெண்ணையும் கொடுத்தேன். மூன்றாவதுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமே, கூடப் போக முடியவில்லை. மத்தியானம் வள்ளியம்மை அக்கா வந்தார். செம்பு நிறையச் சர்க்கரைப் பொங்கல். தவளைகள் எங்கே என்றேன். கல்யாணம் முடிந்ததும் ஜோடியைத் தண்ணீரில் விடுவதுதான் வழக்கம், அதனால் ஊர்க் கிணற்றில் விட்டுவிட்டார்களாம். சின்ன வயதிலிருந்து பார்த்த வழக்கம், எனக்கல்லவா புத்தி எங்கேயோ போயிருந்தது!

குடத்தை வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு பஸ் பிடித்து ஓடினேன். கிணற்றில் இறங்கித் துழாவினேன். அசையாத தண்ணீர், வெந்நீராய்ச் சுட்டது. மஞ்சள் நூல் ஒன்று மிதந்தது, அவ்வளவுதான். படியில் உட்கார்ந்து அழுதேன். கூடவே வந்து மேலே நின்ற அக்காவுக்கு நான் ஏன் அழுகிறேன் என்றே விளங்கவில்லை: "தாலி கட்டுன பொண்ணை எந்த ஊர்ல தம்பி திருப்பித் தருவாங்க?"

நிபுணர் வந்தார்

மறுநாள் நிபுணர் மிச்சமிருந்த ஆணைப் புரட்டிப் பார்த்தார். பெண்ணைப் பார்க்காமல் எழுத முடியாது என்று கிளம்பிவிட்டார். இரண்டு நாளில் அதுவும் செத்தது. ஊரில் மழையும் பெய்யவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் புரொபசரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை; நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை. மறுபடி மலைக்குப் போனார். ஒரு வாரம் கழித்து வந்து, காலி டப்பாவை மேஜையில் வைத்தார்: "அணை கட்ட ஓடையைத் திருப்பி விட்டுட்டாங்கய்யா. பாறைதான் காஞ்சு கிடக்கு."

எனக்குத் தெரிந்தவரை அந்த இனத்தில் நடந்த கடைசிக் கல்யாணத்துக்கு நான்தான் பெண் வீட்டுக்காரன். மறுவீட்டுக்கு அழைத்துவரத்தான் துப்பில்லாமல் போயிற்று.